தலையில் இரண்டு புள்ளி

"இந்தப் பேருக்கு மேல ஏதாவது உண்டா, கீழ ஏதாவது உண்டா, அதைத் தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் வண்டியை எடு" என்றார் மேனேஜர்.

ஓட்டலின் வரவேற்பு மேசைக்கு முன்னால், வெள்ளைப் பலகையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார் டிரைவர். விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் வாசலில், விருந்தாளியின் பெயரைப் பலகையில் எழுதித் தூக்கிப் பிடித்து நிற்பதும், வந்தவரைப் பத்திரமாக ஓட்டலில் கொண்டு வந்து சேர்ப்பதும் அவர் வேலை. பெயரை எழுதுவதும் அவரேதான். கையெழுத்து அச்சுக் கோத்தது போலிருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் வந்தவர் ஸ்பானிஷ் பேசும் ஒரு அம்மாள். அவருடைய பெயரில் ஓர் எழுத்தின் தலையில் நெளிகோடு உண்டு. கோட்டோடு எழுதினால் அதற்குப் பாறை என்று பொருள். கோடு இல்லாமல் எழுதினால் துக்கம். டிரைவர் கோடு போடவில்லை.

"துக்கம்னு எழுதின பலகையைப் பிடிச்சிக்கிட்டு ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறார். யார் வீட்டுத் துக்கமோன்னு ஒதுங்கிப் போயிட்டேன்" என்று அந்த அம்மாள் புகார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மேனேஜருக்கு எழுத்துகளின் தலையைக் கண்டாலே பயம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உன்னை லாண்டரி வண்டிக்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

லாண்டரி வண்டியில் வேலை குறைவு. அழுக்குப் போர்வைகள் யார் மேலும் புகார் சொல்வதில்லை. ஆனாலும் டிரைவருக்கு அந்த வாசலை விட மனமில்லை. உள்ளேயிருந்து வருகிறவர்கள் முதலில் ஒரு கணம் எல்லா முகங்களையும் பொதுவாகப் பார்ப்பார்கள். பிறகு ஒரு முகத்தில் கண் நிற்கும். அப்போது அவர்களுடைய முகம் மாறுகிற மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வாசல் வழியாகத்தான் அவர் மனைவி உள்ளே போனாள். ஜெர்மன் பேசுகிற ஒரு குளிர் ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அவள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஊர் விமானம் வருகிற நாட்களில் கடைசி ஆள் வெளியே வரும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

இன்றைய விருந்தாளி அந்த ஊரிலிருந்துதான் வருகிறார். அவரை அனுப்புகிற கம்பெனியின் செய்தியில் குடும்பப் பெயர் மட்டும், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், புள்ளி கோடு எதுவுமில்லாமல் இருந்தது.

"சில கம்ப்யூட்டர் மேல கீழ இருக்கற புள்ளி, கோட்டையெல்லாம் முழுங்கிடும்ணா" என்றாள் வரவேற்பு மேசையிலிருந்த பெண். அவள் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள். "பிரெஞ்சுல பாருங்க, சில எழுத்துக்குத் தொப்பி உண்டு. பழைய காலத்துல பக்கத்துல ஒரு எழுத்து இருந்திருக்கும், அது போயிடுச்சு. அது இருந்த இடம்னு ஞாபகத்துக்குத் தொப்பி வச்சிருக்காங்க."

டிரைவர், வீட்டுக் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கும் மனைவியின் குடையை நினைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா அங்கதானே இருக்காங்க? அவங்களையே கேளுங்களேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே" என்றார் டிரைவர்.

அவரும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவார்கள். சாப்பிட்டியா என்பார் இவர். சாப்பிட்டேன், நீங்க என்பாள் அவள். ஆச்சு என்பார். பனி பெய்யுதா என்பார். பெய்கிற மாதமாக இருந்தால் பெய்யுது என்பாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இவருக்கு விளங்காது. நேரில் இருந்த காலத்தில் பேசாமலேயே பொழுது போனது. அவள் பாட்டுக்குப் பேசுவாள், இவர் கேட்டுக்கொண்டே ஷூவைத் துடைப்பார். போனில் ஷூவைத் துடைப்பது கேட்காது. "சரி, வச்சிடட்டுமா?" என்று இவரே முடித்துவிடுவார். அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் எண்ணம்.

வேறு வழியில்லாமல் இன்று கூப்பிட்டார்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?" பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு எழுத்துல சின்ன சந்தேகம்."

புகாரைப் பற்றியோ லாண்டரி வண்டியைப் பற்றியோ சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவளை எதற்குக் கவலைப்பட வைக்க வேண்டும்? பெயரை மட்டும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கேட்டுதா?"

"கேட்டுது. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"அதுல ஒரு 'ஓ' வருதில்ல? அதுக்குத் தலையில ரெண்டு புள்ளி வைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சத்தம் மாறும். வாயை 'ஓ'ன்னு குவிச்சிக்கிட்டு, உள்ள 'ஏ'ன்னு சொல்லணும். சொல்லிப் பாருங்க."

டிரைவர் வாயைக் குவித்தார். சாவி வாங்க வந்த ஒரு விருந்தாளி இரண்டடி பின்வாங்கினார். வந்த சத்தம் ஓவும் இல்லை, ஏவும் இல்லை. கன்றுக்குட்டிக்குத் தொண்டை கட்டினது போலிருந்தது. அந்தப் பக்கத்தில் மனைவி சிரித்தாள். அடக்கமாட்டாமல், மூச்சு வாங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"சரி, வச்சிடட்டுமா?" என்றார் பழக்க தோஷத்தில்.

"எழுதிட்டு ஒரு தடவை கூப்பிடுங்க. புள்ளி ரெண்டும் ஒட்டிக்கக் கூடாது. ஒட்டினா கோடாயிடும், அது வேற யார் மொழியோ."

எழுதிவிட்டுக் கூப்பிட்டார். ஒட்டவில்லை என்று சொன்னார்.

"நம்ம தமிழ்ல புள்ளி வச்சா எழுத்தோட உயிர் போயிடும், வெறும் மெய்தான் நிக்கும். இங்க புள்ளி வச்சா புதுசா ஒரு உயிர் வருது" என்றாள் அவள். "இங்க வந்த புதுசுல அதை நினைச்சு நினைச்சு ஆச்சரியப்படுவேன்."

"இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே."

"நீங்க பனியைத்தானே கேட்பீங்க."

நீ போனதிலிருந்து நானும் புள்ளி வைத்த எழுத்துதான் என்று ஒரு பதில் அவருக்குத் தோன்றியது. அது தொண்டை வரை வந்து சேர்வதற்குள் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். டிரைவர் ஓடினார்.

பாதி வழியில் போன் அடித்தது. மனைவிதான். அவளாக வேலை நாளில் கூப்பிட்டதே கிடையாது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அந்தப் பேரையே யோசிச்சிக்கிட்டிருந்தேன். அது துருக்கிப் பேரா இருக்கும்போல. இங்க அவங்க நிறைய பேர் குடியேறியிருக்காங்க. அப்படின்னா 'சி'க்குக் கீழ ஒரு வால் போடணும்."

"வாலா?"

"குட்டி வால். வால் இல்லாட்டா அதை 'ஜ'ன்னு படிப்பாங்க. இருந்தாத்தான் 'ச'."

பலகையை மடியில் வைத்து வால் போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி உரசினாற்போலக் கடந்து போக, வண்டி குலுங்கியது. குட்டி வால் குரங்கு வாலாகிப் பலகையின் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். அவசரத்தில் எடுத்தது அழியாத பேனா என்று அப்போதுதான் தெரிந்தது. டிக்கியிலிருந்து பெட்ரோல் நனைந்த துணியை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்தார். வால் போயிற்று. கூடவே பெயரும் போயிற்று. மூலையில் பொன்னிறத்தில் அச்சடித்திருந்த ஓட்டலின் முத்திரையும் போயிற்று. மழை மேகம் போல ஒரு சாம்பல் படலம் மட்டும் பலகையில் தங்கியது.

விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் டீக்கடையில் கெஞ்சி ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை வாங்கினார். கண்ணாடிக் கோப்பைகள் வந்த பெட்டி. அதன் கீழோரத்தில் 'கவனம், உடையும்' என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. அதற்கு மேலே இருந்த இடத்தில், இரண்டு புள்ளியும் ஒரு வாலுமாகப் பெயரை நிதானமாக எழுதினார்.

வாசலில் போய் நின்றதும் மறுபடியும் போன்.

"'ஐ' இருக்குமே, அதுக்குப் புள்ளி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். அது எல்லாரும் வைக்கறதுதானே?"

"அதை எடுத்துடுங்க."

"இதுவரைக்கும் வை வைன்னே, இப்ப எடுன்றியே?"

"துருக்கி மொழியில ரெண்டு 'ஐ' உண்டுங்க. ஒண்ணுக்குப் புள்ளி உண்டு, இன்னொண்ணுக்குக் கிடையாது. புள்ளி இல்லாததைச் சொல்லிப் பாருங்க, நம்ம பந்து, காசுன்னு சொல்றப்ப கடைசியில அரை 'உ' ஒண்ணு வருமே, அதே சத்தம். என் வார்டுல ஒரு துருக்கிப் பாட்டி இருக்காங்க. அவங்க பேர்ல அது வரும். வேற எதுவும் சரியா சொல்லத் தெரியாத காலத்துலயே அதை நான் சரியா சொல்வேன். அவங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டாங்க."

டிரைவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, புள்ளியை நகத்தால் சுரண்டினார். அட்டை மெலிசு. புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.

"பின்னால என்ன சத்தம்?" என்றாள்.

"வாசல்ல நிக்கறேன். உங்க ஊர் விமானம் வந்திடுச்சு. ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

"யார் யார் வர்றாங்க?"

"யாரோ."

"சொல்லுங்களேன்."

அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்ததால், ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒரு பொண்ணு, கையில குழந்தை. குழந்தைக்குச் செருப்பு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு விமானத்துல விட்டிருக்கும்... அதோட அப்பா வந்திருக்கான். அவனைப் பார்த்துக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கிச்சு. அடையாளம் தெரியல போல."

"அப்புறம்?"

"அவன் ஒண்ணும் பண்ணல. ஓரமா நிக்கறான். செருப்பில்லாத காலை மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கறான்."

"ம்."

"ரெண்டு கிழவிங்க வர்றாங்க, அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. பெட்டியை யார் தள்ளறதுன்னு சண்டை. ஒருத்தன் பூவோட நிக்கறான். யாரும் அவன்கிட்ட வரல இன்னும்."

"இன்னும் சொல்லுங்க."

ஆயுளில் இவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியதில்லை அவர். பெட்டியின் சக்கரம் கழன்று ஓடியதைச் சொன்னார். பூ வைத்திருந்தவனுக்கு ஆள் வந்துவிட்டதைச் சொன்னார். வந்தது பெண்டாட்டி இல்லை, அவனுடைய அம்மா என்றார். அவள் மறுமுனையில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஷூ துடைக்கிற ஆளிடம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது இவருக்குப் புரிந்தது. கேட்டுக்கொண்டே இருப்பதும் ஒரு பேச்சுத்தான்.

அப்போது ஓட்டையை எதுவோ மறைத்தது. அட்டையைத் தாழ்த்தினார். கம்பளிக் கோட்டும் கைத்தடியுமாக ஒரு முதியவர் அதன் முன்னால் நின்றிருந்தார்.

"வந்துட்டார். வச்சிடட்டுமா?"

"ம். வைங்க."

முதியவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளை விரலால் தொட்டார். வாலைத் தொட்டார். ஓட்டையைத் தொட்டபோது கொஞ்சம் தயங்கினார். பிறகு அதுவும் சரிதான் என்பது போலத் தலையசைத்தார். "இதை யார் எழுதினது?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான். என் மனைவி சொல்லிக் கொடுத்தா" என்றார் டிரைவர், அதைவிட அரைகுறையான ஆங்கிலத்தில்.

வண்டியில் முதியவர் பேசிக்கொண்டே வந்தார். வாலிபத்தில் துருக்கியிலிருந்து கிளம்பியதாகவும், போன இடத்தில் வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டு வாசலிலும் யாரும் தன் பெயரில் வாலையும் புள்ளியையும் போட்டதே இல்லை என்றும் சொன்னார். முதலில் திருத்திக்கொண்டிருந்தாராம். பிறகு அலுத்துவிட்டதாம். வெறும் எழுத்தைக் கூப்பிட்டால் வெறும் எழுத்தாகவே போய் நின்றாராம். தன்னைத் தன் பெயரால் எழுதியவர்களில் உயிரோடிருப்பது தங்கை ஒருத்தி மட்டும்தான் என்றார். 'கவனம், உடையும்' என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுவும் பொருத்தம்தான் என்று கைத்தடியைத் தட்டிச் சிரித்தார்.

"தங்கச்சி பையன்தானே உன்னை அனுப்பினான்?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். பின்னாலிருந்து வந்த ஹாரன் சத்தத்தில் டிரைவருக்கு 'அனுப்பினான்' மட்டும்தான் கேட்டது. மேனேஜரை நினைத்து ஆமாம் என்றார்.

ஓட்டல் வாசலில் மேனேஜர் பூங்கொத்தோடு நின்றார். முதியவர் அதை வாங்கி முகர்ந்தார். போட்டோ எடுத்தார்கள். டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டு அவர் இன்னொரு போட்டோவுக்கும் நின்றார். மேனேஜர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வரவேற்பு மேசைப் பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "சார், இவர் நம்ம ஆள் இல்ல" என்றாள்.

"பேர் அதேதானே?"

"குடும்பப் பேர்ல எழுத்தெல்லாம் அதேதான் சார். ஆனா புள்ளி, வாலெல்லாம் நிஜமாவே இருக்கு. நம்ம புக்கிங் ஒரு பொண்ணு பேர்ல."

அந்தப் பெண் அப்போதுதான் டாக்சியிலிருந்து இறங்கி, முதுகில் பையோடு உள்ளே வந்தாள். என்ஜினீயர். விமான நிலையத்தில் எல்லாப் பலகையையும் பார்த்துவிட்டு, தன் பெயர் எதிலும் இல்லாததால் தானாகவே வந்துவிட்டதாகச் சொன்னாள். மேனேஜர் அட்டைப்பெட்டி மூடியைக் காட்டினார். அவள் மரியாதையாக அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். ஓட்டை வழியாக மேனேஜரின் ஒரு கண் தெரிந்தது.

"இது என் பேர் இல்லையே" என்றாள். "என்னது வெறும் எழுத்துதான். மேலயும் ஒண்ணும் கிடையாது, கீழயும் ஒண்ணும் கிடையாது. நீங்க கேட்டிருந்தா அப்படியே சொல்லியிருப்பேனே."

மேனேஜர் டிரைவரின் பக்கம் திரும்பினார். "லாண்டரி வண்டிச் சாவி எங்க தொங்கும்னு தெரியும்ல?"

யாரைத் திட்டுகிறார்கள், எதற்கு என்று முதியவர் விசாரித்தார். வரவேற்பு மேசைப் பெண் விளக்கினாள். அவர் யோசித்தார். இந்த ஊரில் வேலை பார்க்கிற தங்கை மகனின் வீடு புறாக்கூண்டு மாதிரி, அவனுக்குச் சொல்லிவிட்டு, ஊருக்குத் திரும்பும்வரை இங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் இதே ஆளாக இருக்க வேண்டும். அந்த அட்டையும் தனக்கு வேண்டும். மேனேஜர் ஒரு கையில் போன பூங்கொத்தையும் இன்னொரு கையில் வந்த விருந்தாளியையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "லாண்டரியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று உள்ளே போனார்.

டிரைவர் பின்பக்கம் போய், துவைத்த போர்வைகளை அடுக்கி வைக்கிற இடத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபமில்லை. வேறு ஒரு வேதனைதான். மூன்று வருஷமாக அவள் அந்த ஊரில் இருக்கிறாள். ஒரு பெயரை ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துச் சீட்டு எல்லாவற்றிலும் புள்ளியும் வாலுமாக இருக்குமே, எப்படிச் சமாளிக்கிறாள்? தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எனக்காக எதையோ சொல்லியிருக்கிறாள். பாவம், தனியாக எத்தனை இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாளோ.

அதை அவளிடம் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் பரவாயில்லை, வந்துவிடு என்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை வச்சிடட்டுமா என்று கேட்கக் கூடாது. வாக்கியங்களை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

எடுத்தது வேறு குரல்.

"அக்கா இப்பத்தான் வேலைக்குக் கிளம்பினாங்க. வார்டுக்குள்ள போன் கூடாது, இங்க சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருக்காங்க. நான் அவங்க ரூம்ல இருக்கறவ. மாமாதானே பேசறது?"

தயாரித்து வைத்த வாக்கியங்களை அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாது. டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுமில்லம்மா. காலையில ஒரு பேரைக் கேட்டேன். அதுக்குப் புள்ளியும் கிடையாது, வாலும் கிடையாதுன்னு சொல்லிடு. அவளுக்குத் தெரியாததுல தப்பில்ல. நான் ஒண்ணும் நினைச்சுக்கல, வருத்தப்பட வேண்டாம்னு சொல்லிடு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"அக்காவுக்கா தெரியாது? டாக்டர் கிறுக்கறதையே அவங்கதான் எங்களுக்குப் படிச்சுச் சொல்றாங்க. அந்தப் பேர்ல ஒண்ணுமே கிடையாதுன்னு நீங்க முதல் தடவை கேட்டப்பவே அவங்களுக்குத் தெரியும் மாமா. சொல்லிட்டா நீங்க போனை வச்சிடுவீங்களாமே."